கேள்விக்கு இரண்டு பொருள்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் பழைய மாணவிகள் சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பாடசாலை நூறு ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில் எமது சங்கத்தின் சார்பில் ஓர் உரை வேண்டும் என்று கேட்கப்பட்டது. எதைப் பற்றிப் பேசலாம் என்று கூடிக் கதைத்தபோது, பேச்சைப் பற்றியே பேசலாம் என்று முடிவு செய்தோம். தமிழ்மொழித் தினப் போட்டிகளுக்காகவும் மாணவர் மன்றத்துக்காகவும் பேச்சை மனனம் செய்து, குரல் நடுங்க, கால் நடுங்க இந்த மேடையில் ஏறியவர்கள் நம்மில் பலர். எப்படி நிற்பது, எங்கே நிறுத்துவது, எந்த இடத்தில் குரலை உயர்த்துவது என்பதையெல்லாம் எமது ஆசிரியைகள் பொறுமையோடு சொல்லித் தந்தார்கள். அந்தக் கடனை முதலில் நன்றியோடு நினைவுகூருகிறோம்.

ஆனால் ஒருவர் வாழ்நாளில் மேடையேறிப் பேசுவது சில தடவைகளே. மற்றவர் பேசக் கேட்பதோ அன்றாடம். தேர்தல் மேடை, தொழிற்சங்கக் கூட்டம், கோயில் திருவிழா, கடன் கொடுக்க வருபவர், வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர், கைத்தொலைபேசியில் வரும் செய்தி என்று நம்மை ஏதோ ஒன்றுக்கு இணங்க வைக்கும் பேச்சு நாள்தோறும் வீட்டு வாசலுக்கு வருகிறது. திருவள்ளுவர் சொல்வன்மைக்கும் அவையஞ்சாமைக்கும் அதிகாரங்கள் வகுத்தார். அவற்றுக்கு முன்னாலேயே, கல்வியையும் கல்லாமையையும் அடுத்து, 'கேள்வி' என்று ஓர் அதிகாரத்தை வைத்தார். அந்தச் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. செவியால் கேட்பதும் கேள்வி, வாயால் வினவுவதும் கேள்வி. இந்த இரண்டும் எப்படி ஒன்றோடொன்று சேர வேண்டும் என்பதே இன்று நாம் சொல்ல விரும்புவது.

பேச்சு எப்படி ஒருவரை இணங்க வைக்கிறது என்பதைக் கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில் ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முன்னரே ஆராய்ந்தார். அவர் மூன்று வழிகளைக் கூறினார். முதலாவது, பேசுபவரின் குணத்தின் மீதும் தகுதியின் மீதும் கேட்பவருக்கு உண்டாகும் நம்பிக்கை. இரண்டாவது, கேட்பவரின் உள்ளத்தில் எழும் அச்சம், இரக்கம், கோபம், ஆசை போன்ற உணர்ச்சி. மூன்றாவது, சொல்லப்படும் விடயத்தின் நியாயமும் கணக்கும். உயர்தர வகுப்பில் இவற்றைப் பாடமாகப் படித்தால் மறந்துவிடலாம். நமது மலையகத்தின் வரலாற்றில் வைத்துப் பார்த்தால் மறக்க முடியாது.

நமது முன்னோர் இந்த மலைகளுக்கு வந்ததே ஒரு பேச்சைக் கேட்டுத்தான். தென்னிந்தியக் கிராமங்களில் ஆள் திரட்டிய பெரிய கங்காணி பெரும்பாலும் அயலான் அல்ல. அதே ஊர்க்காரர், அல்லது உறவுமுறைக்காரர். 'நம்ம ஆள் சொல்கிறார்' என்ற நம்பிக்கை முதலில் வந்தது. ஊரில் பஞ்சமும் பசியும் இருந்தன. இலங்கைக்குப் போனால் தேயிலைத் தூரைத் தோண்டினாலே தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசை காட்டினார்கள் என்ற கதையை நமது பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். இது உணர்ச்சியின் வழி. மூன்றாவது வழியான கணக்கு எங்கே இருந்தது? அது 'துண்டு' என்ற தாளில் இருந்தது. முன்பணமும் வழிச்செலவும் கடனாகச் சேர, அந்தக் கடன் தீராமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாதவாறு தொழிலாளியைக் கட்டி வைத்த தாள் அது. படிக்கத் தெரியாதவர்களுக்கு அதில் எழுதியிருந்த தொகை தெரியாது. 1921இல்தான் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. நம்பிக்கையும் ஆசையும் தாராளமாகப் பேசப்பட்டன. கணக்கு மட்டும் பேசப்படவில்லை. நமது மக்களுக்குச் செய்யப்பட்ட முதல் பிரசாரத்தின் குறை அதுவே.

அடுத்து, இதே மூன்று வழிகளும் நேர்மையாகக் கையாளப்பட்ட ஒரு காலத்துக்கு வருவோம். தஞ்சாவூர்ப் பகுதியிலிருந்து வந்த கோ. நடேசய்யர் வணிகக் கல்வி கற்பித்தவர், கணக்குப் பதிவு பற்றித் தமிழில் நூல் எழுதியவர். தோட்டங்களுக்குள் வெளியார் நுழைய முடியாத காலத்தில், புடவை வியாபாரியாக உள்ளே சென்று தொழிலாளரின் நிலையை நேரில் அறிந்தார் என்று அவரது வரலாற்றை எழுதியவர்கள் கூறுகிறார்கள். 'தேசநேசன்', 'தேசபக்தன்' ஆகிய பத்திரிகைகளை நடத்தினார். 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். நமது அட்டன் நகரமே அதன் மையமாக இருந்தது. 1936இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார்.

அவரது துணைவியார் மீனாட்சி அம்மாள். கூட்டங்களில் அவர் முதலில் பாடுவார், பின்னர் நடேசய்யர் பேசுவார். மக்களுக்கு ஏற்கெனவே பழகிய மெட்டுகளில், தொழிலாளரின் துன்பத்தையும் உரிமையையும் சொல்லும் பாடல்களை அவரே இயற்றினார். 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற அவரது பாடல் நூல் 1940இல் வெளிவந்தது. பெண் ஒருவர் பொது மேடையில் நின்று அரசியல் பாடுவது அரிதாக இருந்த காலம் அது. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்த பெண்கள் தம்மைப் போன்ற ஒரு பெண்ணின் குரலைக் கேட்டபோது அவர்களுக்கு என்ன தோன்றியிருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இங்கே மூன்று வழிகளையும் பிரித்துப் பார்க்கலாம். நடேசய்யர் தோட்டத் தொழிலாளி அல்லர், படித்த வெளியூர்க்காரர். அவர் மீதான நம்பிக்கை பிறப்பாலோ சாதியாலோ வரவில்லை. அவர் செய்த வேலையால் வந்தது. மீனாட்சி அம்மாளின் பாடல் உணர்ச்சியை எழுப்பியது, எழுத்தறியாதவர்களின் நினைவிலும் தங்கியது. ஆனால் பாடலோடு கூட்டம் முடிந்துவிடவில்லை. பாடலின் பின் சட்டமும் கூலியும் பேசப்பட்டன. நடேசய்யர் எளிய தமிழில் எழுதிய நூல்களும் துண்டுப் பிரசுரங்களும் கைக்குக் கை மாறின. கங்காணியின் பேச்சில் மறைக்கப்பட்ட கணக்கு இந்த மேடையில் வெளிச்சத்துக்கு வந்தது. அதனால்தான் இவர்கள் இருவரையும் நாம் மரியாதையோடு நினைக்கிறோம்.

கூலிக் கணக்கை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறோம் என்று தங்கைமார் கேட்கலாம். 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ் 1929இல் நடைமுறைக்கு வந்த கூலியைப் பாருங்கள். மலைநாட்டுத் தோட்டங்களில் நாளொன்றுக்கு ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். கொழுந்து பறிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். அப்படியிருந்தும் பெண் என்பதற்காக 11 சதம் குறைவு. அதுவும் சட்டத்திலேயே எழுதப்பட்ட குறைவு. தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் வந்தது 1984இல். 55 ஆண்டுகள் காத்திருந்தோம். 'பெண்ணே பெருமை, தாயே தெய்வம்' என்று புகழ்ந்து பேசிய மேடைகளுக்கு அந்த 55 ஆண்டுகளிலும் குறைவிருக்கவில்லை. புகழ்ச்சி காதுக்கு இனிமையாக இருக்கும்போது, 'அந்த 11 சதம் எங்கே?' என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இனி நமது வரலாற்றின் இன்னொரு பாடம். 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரஸ் மலைநாட்டில் 7 ஆசனங்களை வென்றது. அடுத்த ஆண்டே 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. தொடர்ந்து 1949இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டு நமது மக்களில் பெரும்பாலோரின் வாக்குரிமை பறிபோனது. 1952இல் சத்தியாக்கிரகம் நடத்தியும் நிலைமை மாறவில்லை. 1977இல்தான் சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியா - மஸ்கெலியாத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தெரிவானார்.

இடைப்பட்ட அந்த முப்பது ஆண்டுகளைப் பேச்சின் கண்ணோட்டத்தில் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். யாரிடம் முடிவெடுக்கும் உரிமை இருக்கிறதோ அவரிடம்தான் மற்றவர்கள் வந்து வாதாடுவார்கள், கெஞ்சுவார்கள், விளக்கம் சொல்வார்கள். வாக்கு இல்லாதவரிடம் எந்த வேட்பாளரும் வாக்குறுதி கொடுக்க வேண்டியதில்லை, கொடுத்ததை நிறைவேற்றாததற்குக் காரணம் சொல்ல வேண்டியதுமில்லை. இன்று தேர்தல் காலத்தில் லயத்து வாசலுக்கு இத்தனை பேர் வருகிறார்கள் என்றால், அது அந்த உரிமையைத் திரும்பப் பெறப் பாடுபட்டவர்களின் பயன். ஆகவே நம்மை இணங்க வைக்க ஒருவர் முயல்வதே நமக்குள்ள ஒரு மதிப்பு. அந்த மதிப்பை அரிசிப் பொதிக்கும் கூரைத் தகரத்துக்கும் மலிவாக விற்றுவிடக் கூடாது.

நமது மக்கள் கேட்பவர்களாக மட்டும் இருந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வட்டகொடையை அடுத்த மடக்கொம்பரைத் தோட்டத்தில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரானார். நமது மக்களின் வாழ்வை அவர் ஆங்கிலத்தில் கவிதையாக்கினார். அதையே சக்தீ அ. பாலையா 'தேயிலைத் தோட்டத்திலே' என்று தமிழாக்கினார். ஏன் முதலில் ஆங்கிலம்? தோட்டத்துத் துயரம் தோட்டத்து மக்களுக்குத் தெரிந்ததே. அதை அறிய வேண்டியவர்கள் தேநீரை மட்டும் அறிந்த வெளியார். அவையறிதல் என்று வள்ளுவர் சொன்னது இதைத்தான். யாருடைய மனம் மாற வேண்டுமோ அவர்களின் மொழியில், அவர்களின் காதுக்கு எட்டும்படி சொல்ல வேண்டும். சிங்களமும் ஆங்கிலமும் கற்கும் தங்கைமார் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பரீட்சைக்கும் உத்தியோகத்துக்கும் அப்பால் அந்த மொழிகளுக்கு இந்தப் பயனும் இருக்கிறது.

அண்மைக் காலத்திலும் உதாரணங்கள் உண்டு. 2018 ஒக்டோபர் 24இல் 1,000 ரூபாய் அடிப்படைச் சம்பளம் கேட்டு மலையக இளைஞர் யுவதிகள் கறுப்பு உடையில் கொழும்பு காலிமுகத்திடலில் திரண்டார்கள். கடைகளிலும் நிறுவனங்களிலும் அவர்களை நாள்தோறும் கண்டும் காணாதிருந்த தலைநகரம் அன்று திரும்பிப் பார்த்தது. 2023இல், நமது மக்கள் இங்கு வந்து 200 ஆண்டுகள் நிறைவுற்றதை நினைவுகூர்ந்து, ஜூலை 28 முதல் ஓகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். முன்னோர் நடந்த வழியில் மீண்டும் நடந்ததே அங்கு பேச்சாக இருந்தது. வழியிலிருந்த ஊர்களில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அதைக் கேட்டார்கள்.

இனிக் கணக்கைக் கேட்பதற்கு ஒரு பயிற்சி செய்து பார்ப்போம். 2016 கூட்டு ஒப்பந்தத்தின்படி அடிப்படைச் சம்பளம் 500 ரூபாய். அதோடு வரவுக் கொடுப்பனவு 60, உற்பத்திக் கொடுப்பனவு 140, விலைப் பங்கு 30. எல்லாம் சேர்ந்தால் 730 ரூபாய். 2019 ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 700 ரூபாய், விலைப் பங்கு 50. மொத்தம் 750 ரூபாய். வரவுக் கொடுப்பனவும் உற்பத்திக் கொடுப்பனவும் நீங்கிவிட்டன.

ஒரு மேடையில் '200 ரூபாய் கூடிவிட்டது, 40 சதவீத உயர்வு' என்றார்கள். அடிப்படைச் சம்பளத்தைப் பார்த்தால் அது சரி. இன்னொரு மேடையில் '20 ரூபாய்தான் கூடியது' என்றார்கள். வரவும் கிலோவும் குறையாமல் வேலை செய்த பெண்ணின் நாட்கூலியைப் பார்த்தால் அதுவும் சரி. அடிப்படைச் சம்பளம் கூடும்போது ஊழியர் சேமலாப நிதி கூடும். வரவு குறைந்தவர்களுக்கும் கிலோ எட்டாதவர்களுக்கும் உண்மையான நன்மை உண்டு. நன்றாகக் கொழுந்து பறித்து நாள் தவறாமல் வேலைக்குப் போனவருக்கு நன்மை சொற்பம். இரண்டு மேடையிலும் பொய் இல்லை. ஒவ்வொன்றிலும் பாதிக் கணக்கு இருந்தது. முழுக் கணக்கைக் கேட்டிருக்க வேண்டியவர்கள் கேட்டுக்கொண்டிருந்தவர்கள். 2021 மார்ச்சில் சம்பளச் சபை ஊடாக 900 ரூபாயும் 100 ரூபாயுமாக 1,000 ரூபாய் வந்தபோதும் கேட்க வேண்டிய கேள்வி அதே வகையானது. ஒரு பேருக்கு எத்தனை கிலோ? மாதத்தில் எத்தனை நாள் வேலை? இந்த இரண்டும் தெரியாமல் நாட்சம்பளத்தை மட்டும் கேட்டுக் கைதட்டினால், மாத முடிவில் சம்பளச் சிட்டையைப் பார்க்கும்போதுதான் விடயம் விளங்கும்.

எண்கள் சொன்னால் உடனே நம்பிவிடும் பழக்கம் படித்தவர்களிடம் அதிகம். உணர்ச்சியில் ஏமாறுவதைப் போலவே எண்ணிலும் ஏமாறலாம் என்பதற்காகவே இதை விரிவாகச் சொன்னோம்.

அன்புத் தங்கைமாரே, இனி உங்கள் வாசலுக்கு வருபவர்களைப் பற்றிக் கொஞ்சம். இன்று பெரிய கங்காணி இல்லை. ஆனால் அவருடைய பேச்சு இருக்கிறது. வெளிநாட்டில் வீட்டு வேலைக்கு ஆள் சேர்க்க வருபவர், பெரும்பாலும் தெரிந்த அக்கா ஒருவரையோ உறவினர் ஒருவரையோ கூட்டிக்கொண்டு வருவார். 'நம்ம ஆள்' என்ற நம்பிக்கை. பிறகு, புதிதாகக் கட்டிய வீட்டின் படத்தைக் காட்டுவார். அது ஆசை. முன்பணமாக ஒரு தொகையை அம்மாவின் கையில் வைப்பார். அந்த முன்பணம் எப்படித் திரும்பக் கழிக்கப்படும், ஒப்பந்தம் எந்த மொழியில் இருக்கிறது, இடையில் திரும்பி வந்தால் என்னவாகும் என்பவை பேசப்படாமல் போகும். 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இல்லாமல் எந்த முகவரும் ஆள் சேர்க்க முடியாது. அதன் இலக்கத்தைக் கேட்பது அவமரியாதை அல்ல. நேர்மையான முகவர் தயங்காமல் காட்டுவார்.

குழுவாகச் சேர்த்துக் கடன் கொடுக்க வருபவரின் பேச்சும் இதே அமைப்பில்தான் இருக்கும். பக்கத்து லயத்துப் பெண்கள் எல்லோரும் சேர்ந்துவிட்டார்கள் என்பார். பிள்ளையின் படிப்பு என்பார். 'வாரத்துக்கு இவ்வளவுதான்' என்று தவணையைச் சொல்வார். எத்தனை வாரம், மொத்தம் எவ்வளவு, ஒருத்தி கட்டத் தவறினால் மற்றவர்கள் கட்ட வேண்டுமா என்பவற்றை நாம் கேட்டால்தான் சொல்வார். அம்மா கையெழுத்துப் போடும்போது அருகில் இருந்து தாளை வாசித்துப் பெருக்கிப் பார்க்கக்கூடிய ஒருத்தி வீட்டில் இருக்கிறாள். அவள் நீங்கள். நூறு ஆண்டுகளாக இந்தப் பாடசாலை ஒவ்வொரு வீட்டிலும் அப்படி ஒருத்தியை உருவாக்க முயன்று வருகிறது. துண்டுத் தாளை வாசிக்க ஆளில்லாத காலத்துக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

ஆகவே எந்தப் பேச்சைக் கேட்டாலும் மூன்று கேள்விகளை மனதுக்குள் கேட்டுப் பாருங்கள். இவரை நான் நம்புவது இவர் செய்த எதனால்? இந்தப் பேச்சு என் உள்ளத்தில் எந்த உணர்ச்சியைத் தொடுகிறது? இதன் முழுக் கணக்கு என்ன? மூன்றுக்கும் விடை கிடைத்தால் தயங்காமல் துணை நில்லுங்கள். சந்தேகத்தை மட்டுமே வளர்த்துக்கொண்டு எவரையும் நம்பாமல் ஒதுங்கி வாழுங்கள் என்று நாம் சொல்லவில்லை. மீனாட்சி அம்மாளின் பாடலைக் கேட்டு ஒருவரும் நெகிழாமல் இருந்திருந்தால் அட்டனில் சங்கமே எழுந்திருக்காது. நெகிழ வேண்டிய இடத்தில் நெகிழவும் வேண்டும்.

நீங்கள் மேடையேறும் நாளிலும் இதே மூன்றையும் உங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் பேச்சைக் கேட்கும் தாய்மாருக்கு முழுக் கணக்கையும் சொல்லுங்கள். அவர்கள் எழுந்து கேள்வி கேட்டால் அதை எதிர்ப்பாக எடுத்துக்கொள்ளாமல் மரியாதையாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

இறுதியாக, எமது சங்கம் அதிபர் அவர்களின் அனுமதியோடு இரண்டு காரியங்களைச் செய்ய விரும்புகிறது. தவணைக்கு ஒரு முறை, மேல் வகுப்பு மாணவிகளோடு அமர்ந்து ஒரு துண்டுப் பிரசுரத்தையோ, கடன் படிவத்தையோ, தேர்தல் வாக்குறுதியையோ எடுத்து இந்த மூன்று கேள்விகளையும் கேட்டுப் பார்ப்பது ஒன்று. தாம் கேட்ட கூட்டங்களையும் பாடல்களையும் வேலைநிறுத்தங்களையும் நினைவில் வைத்திருக்கும் பாட்டிமாரின் குரலை மாணவிகளைக் கொண்டு பதிவு செய்து பாடசாலை நூலகத்தில் சேர்ப்பது மற்றது. பேசியவர்களின் பெயர்கள் புத்தகங்களில் இருக்கின்றன. கேட்டு, சிந்தித்து, முடிவெடுத்து, சந்தா கட்டி, வேலைநிறுத்தத்தில் நின்ற பெண்களின் பெயர்கள் எங்கும் எழுதப்படவில்லை. அவற்றில் சிலவற்றையாவது இந்தப் பாடசாலையின் இரண்டாவது நூற்றாண்டு எழுதட்டும்.

இந்த உரையைப் பற்றியும் உங்களுக்குக் கேள்விகள் இருக்கும். தேநீர் இடைவேளையில் தயங்காமல் கேளுங்கள்.